பென்ஸ் வேணுமா? முதல்ல புதுப்பேட்டைக்கு வாங்க!

நாலு லட்சத்துக்கு பென்ஸ்! இப்படி ஒரு விளம்பரம் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். கறுப்பு கலர், லெதர் சீட், சன்ரூஃப், முன்னாடி அந்த மூணு முனை நட்சத்திரம். ஒரு காலத்துல யாரோ ஒரு தொழிலதிபர் பின்சீட்ல சாய்ஞ்சு பேப்பர் படிச்சுக்கிட்டே போன வண்டி. இன்னிக்கு புது ஸ்விஃப்ட்டைவிட விலை கம்மி. போதாதா? ஹாஸ்டல் ரூம்ல உடனே கணக்கு ஆரம்பிச்சிடும். ‘ஆளுக்கு ஒரு லட்சம் மச்சி, நாலு பேர் சேர்ந்தா வண்டி நம்மளுது!’

கொஞ்சம் பொறுங்க பாஸ். வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு இடத்தைப் பார்த்துட்டு வந்துடலாம். சென்னை எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி, மியூசியம் இருக்கிற பாந்தியன் ரோட்டைத் தாண்டி, கூவம் பக்கமா நடங்க. ஆயில் வாசனை மூக்குல ஏற ஆரம்பிச்சா புதுப்பேட்டை வந்தாச்சுன்னு அர்த்தம். தனுஷ் படத்தால பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இந்த ஏரியா அதுக்கு ரொம்ப முன்னாடியே பிரபலம்.

கதவுக்கு ஒரு கடை, கண்ணாடிக்கு ஒரு கடை

சின்னச் சின்ன சந்து. ரெண்டு பக்கமும் பத்துக்குப் பத்து கடைகள். ஒரு கடை முழுக்க கதவுகள், புத்தகம் அடுக்கின மாதிரி நிக்கும். அடுத்த கடையில ஹெட்லைட் மட்டும். அதுக்கு அடுத்ததுல கியர் பாக்ஸ், அதைத் தாண்டினா சீட், ஸ்டீயரிங், டேஷ்போர்டு. விபத்துல சிக்கின வண்டி, ஓனர் வேண்டாம்னு தள்ளிவிட்ட வண்டி, கண்டம் பண்ணின வண்டி எல்லாத்தையும் நட்டு நட்டாக் கழட்டி, எது ஓடுமோ அதைத் தனியா எடுத்து வைக்கிறாங்க. மிச்சம் எடைக்குப் போகும். வெளியில இருந்து பார்த்தா காயலான் கடை. உள்ளே போனா, எந்த மாடல் கதவு எந்த மாடலுக்குப் பொருந்தும்னு கேட்டலாக் இல்லாமலே சொல்ற ஆளுங்க.

நீங்க ஓரமா ஒரு அரை மணி நேரம் நின்னு, யார் எதைத் தேடி வர்றாங்கன்னு மட்டும் கவனிங்க. எந்த வண்டியில எது அடிக்கடி போகுதுன்னு விளம்பரத்துல எவனும் போட மாட்டான். இங்கே வாசல்ல நிக்கிற கஸ்டமர் கையில அது இருக்கும். உடைஞ்ச ஜன்னல் மோட்டார், கசியற ரேடியேட்டர், தேய்ஞ்சு போன லோயர் ஆர்ம்.

இப்போ ஹோம்வொர்க். நீங்க ஆசைப்படுற காரோட மாடல், வருஷம், இன்ஜின் மூணையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க. அதுக்குக் கீழே 5 பார்ட் பேர்: ஹெட்லைட், ரேடியேட்டர், லோயர் ஆர்ம், ஜன்னல் மோட்டார், கியர் பாக்ஸ். நாலு கடை ஏறி இறங்குங்க.

“இன்னா வண்டி தம்பி?”

சொல்லுங்க.

“இருக்கு, பழசு இவ்ளோ, புச்சு வேணும்னா ஜி.பி. ரோடு போ”ன்னு பதில் வந்தா, அந்தக் காரோட வாழலாம். “அது வராது தம்பி, கெட்ச்சா பாக்கலாம், நம்பர் குட்த்துட்டுப் போ”ன்னு சொன்னா, உங்க கார் வருஷத்துல பாதி நாள் கவர் போட்டு நிக்கும். காரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதோட ஸ்பேரைப் பாருங்க. இன்னிக்கு மேட்டரே அவ்வளவுதான்!

விலை இறங்கும், ஸ்பேர் இறங்காது

ஏன் இப்படி? ஒரு கார் 50 லட்சத்துக்கு வித்திருந்தா, அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் 50 லட்ச ரூபாய் காருக்காகச் செஞ்சது. பதினைஞ்சு வருஷம் கழிச்சு வண்டி 4 லட்சத்துக்கு இறங்கலாம். பார்ட் விலை கூடவே இறங்காது. நீங்க வாங்குறது 4 லட்ச ரூபாய் கார் இல்லை. 50 லட்ச ரூபாய் காரை 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து எடுக்குறீங்க.

மூணு வண்டியை வச்சுப் பார்க்கலாம்.

முதல்ல நம்ம ஊர் பழைய ராஜா, கான்டெஸா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்து 2002 வரைக்கும் தயாரிச்ச வண்டி. பிரிட்டனோட வாக்ஸ்ஹால் விக்டரை வச்சுச் செஞ்ச பாடி. ஆரம்பத்துல அம்பாசடரோட 1.5 லிட்டர் இன்ஜின், அப்புறம் இசுஸுவோட 1.8 லிட்டர். உள்ளே கம்ப்யூட்டர் பெரிசா எதுவும் இல்லாததால, கை சுத்தமான பழைய மெக்கானிக் காதால கேட்டே சரி பண்ணுவார். ஆனா கம்பெனி நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு பின்பக்க விளக்கு உடைஞ்சா, தேடல் வேட்டைதான்.

அடுத்து பென்ஸ் ‘டபிள்யூ 124’. 1995-ல் புனேயில பென்ஸ் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச முதல் மாடல். கட்டை மாதிரி உறுதி. ஆனா 1990-களின் நடுவுல வந்த பல வண்டிகள்ல இன்ஜின் ஒயரிங்குக்கு மேல இருக்கிற உறை, சூட்டுல காய்ஞ்சு அப்பளம் மாதிரி நொறுங்கும். வாங்குறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து அந்த ஒயரை லேசா வளைச்சுப் பாருங்க.

மூணாவது ‘டபிள்யூ 211’ இ-கிளாஸ். 2002-ல் உலக மார்க்கெட்டுக்கு வந்தது. விளம்பரத்துல சல்லிசா கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான். 2006-க்கு முந்தைய வண்டிகள்ல பிரேக் மிதியை மிதிச்சா, கம்ப்யூட்டர் மூலமா பிரேக் பிடிக்கிற ஒரு சிஸ்டம் இருக்கும். எத்தனை தடவை மிதிச்சீங்கன்னு அந்த யூனிட் எண்ணிக்கிட்டே இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினா ‘என்னை மாத்து’ன்னு சிவப்பு எழுத்துல எச்சரிக்கை வரும். நம்ம சிட்டி டிராஃபிக்ல அந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமா ஏறும்னு நீங்களே யோசிங்க! இதே மாடல்ல சில வண்டிகளுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. அதுல சின்னதா ஒரு கசிவு வந்தா, வண்டி விடியறதுக்குள்ள ஒரு பக்கமா உக்காந்துடும். உயர்த்துறதுக்காக கம்ப்ரஸர் நிக்காம ஓடும். கசிவை அப்போவே பார்க்கலைன்னா கம்ப்ரஸரும் எரிஞ்சுடும். ஒரு செலவு ரெண்டு செலவா குட்டி போடுற கதை இதுதான்.

பழசுல எது ஓகே, எது கூடவே கூடாது

புதுப்பேட்டையில கதவு, கண்ணாடி, சீட், சைடு மிரர், ஸ்விட்ச், ஹெட்லைட் எல்லாம் தைரியமா வாங்கலாம். உங்க கலர்லயே கதவு மாட்டினா பெயின்ட் செலவும் மிச்சம். பில் கேளுங்க. எங்கிருந்து வந்த பார்ட்னு கடைக்காரர் சொல்லணும். இன்ஜினையே மாத்தினா, புது நம்பரை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.யில ஏத்தியாகணும்.

பழசுல தொடவே கூடாதது: பிரேக் பேட், டயர், ஏர்பேக், சீட் பெல்ட், டைமிங் பெல்ட். உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல ‘செகண்ட்ஸ்’ வேண்டாம். டயருக்கு ஒரு டிப்ஸ்: பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னு இருந்தா, 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். பட்டன் ஆழமா இருந்தாலும் வயசான டயர் வயசான டயர்தான்.

பாலத்தைத் தாண்டினா புது பார்ட்

ஆதித்தனார் சாலை வழியா கூவம் பாலத்தைத் தாண்டி அண்ணா சாலைக்கு வாங்க. அங்கிருந்து ஜி.பி. ரோடு பக்கம்தான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுன்னு முழுப் பேர் சொன்னா ஆட்டோக்காரரே ஒரு செகண்ட் யோசிப்பார். இது புது ஸ்பேர்களோட கோட்டை.

இங்கே ஒரு ரகசியம் தெரிஞ்சுக்கணும். கார் கம்பெனி எல்லா பார்ட்டையும் தானே செய்யறதில்லை. பாஷ், மாலே, இசட்.எஃப். மாதிரி கம்பெனிகள் செஞ்சு கொடுக்குது. கார் கம்பெனி டப்பாவுல வந்தா ஒரு விலை. அதே கம்பெனி தன் சொந்த டப்பாவுல வித்தா பெரும்பாலும் குறைஞ்ச விலை. அதனால கடையில பார்ட் நம்பரைச் சொல்லி, ‘இதைச் செய்யற கம்பெனி டப்பா இருக்கா?’ன்னு கேளுங்க. பழைய சொகுசுக் காரை பட்ஜெட்ல ஓட்டுறவங்களோட பெரிய ஆயுதம் இந்த ஒரு கேள்வி. விலை நம்ப முடியாத அளவு கம்மியா இருந்தா, அது டூப்ளிகேட்டா இருக்கலாம். உஷார்!

அதே தெருவுல கலர் லைட்டும் சவுண்ட் சிஸ்டமும் உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். அந்தப் பக்கம் திரும்பாதீங்க. கூலன்ட் ஹோஸ் மாத்தாத வண்டிக்கு சப்-ஊஃபர் எதுக்கு?

பேப்பரும் ஒரு ஸ்பேர்தான்

டெல்லி வண்டி ஏன் சீப்பா வருதுன்னு கேட்டிருப்பீங்க. 10 வயசைத் தாண்டின டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாதுன்னு 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. 2025-ல் உச்ச நீதிமன்றமே சில தளர்வுகள் கொடுத்திருந்தாலும், இந்த பயத்துலயே நிறைய வண்டி மத்த மாநிலங்களுக்கு வந்தாச்சு. அதை வாங்கினா அந்த ஊர் என்.ஓ.சி., இங்கே வரி, புது ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் உங்க தலையில. வேற மாநில நம்பரோட 12 மாசத்துக்கு மேல இங்கே வச்சிருக்க முடியாது.

ரெஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம்தான். அப்புறம் ஆர்.டி.ஓ. சோதனை, 5 வருஷத்துக்குப் புதுப்பிப்பு. 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு இதுக்கான கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வயசைத் தாண்டினா 10,000. அதுவே வெளிநாட்டுல இருந்து நேரா இறக்குமதியான கார்னா 80,000! புனேயில அசெம்பிள் ஆனதா, இம்போர்ட்டான்னு ஆர்.சி.யைப் பார்த்துத் தெளிவாகிக்குங்க. பேங்க் லோன் பாக்கி இருக்கான்னு பார்க்கவும் மறக்காதீங்க.

இன்ஷூரன்ஸ்? 1,500 சி.சி.க்கு மேல இருக்கிற காருக்கு, 2022 ஜூன்ல நிர்ணயிச்ச தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் வருஷத்துக்கு 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

நாலு பேர், ஒரே பேர்

பெட்ரோல் கணக்கையும் போட்டுடலாம். சிட்டியில லிட்டருக்கு 8 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குங்க. மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டினா 6,250 ரூபாய். வருஷத்துக்கு 75,000. இன்னும் ஒரு பஞ்சர்கூட ஆகலை!

அதனால கையில 4 லட்சம் இருந்தா, இரண்டரை லட்சத்துக்கு வண்டி தேடுங்க. மிச்ச ஒன்றரை லட்சம் பேங்க்ல தூங்கட்டும். முதல் வருஷத்துலயே அதை எழுப்ப வேண்டி வரும். இரண்டரைக்கு பென்ஸ் கிடைக்கலைன்னா, உங்க பட்ஜெட்ல பென்ஸ் இல்லைன்னு அர்த்தம். வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இன்னொண்ணு. நாலு பேர் காசு போட்டாலும் ஆர்.சி.யில பெரும்பாலும் ஒருத்தர் பேர்தான் இருக்கும். இன்ஷூரன்ஸ் முடிஞ்சு போனது தெரியாம யாரோ ஓட்டி, யார் மேலயோ மோதினா, கோர்ட் நோட்டீஸ் அந்த ஒருத்தர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அப்பா பி.எஃப். லோன் போட்டுக் கொடுத்த ஒரு லட்சமும் அவரோட நிம்மதியும் சேர்ந்து போகும். கியர் பாக்ஸ் போனா யார் எவ்வளவு தரணும்னு வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. அப்போவே சண்டை வந்துச்சுன்னா நல்லது. கார் செலவு மிச்சம், ஃப்ரெண்ட்ஷிப்பும் மிச்சம்!

இவ்வளவுக்கும் ‘ஓகே’ன்னா, தாராளமா வாங்குங்க. காலையில ஆறின இன்ஜினை உங்க கண் முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஸ்கேனர் வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணனைக் கூடவே கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கிற காசுதான் இந்த டீல்லயே ரொம்ப லாபமான செலவு. நல்லா பார்த்துக்கிட்ட பழைய பென்ஸ், ஈ.சி.ஆர்.ல சாயங்கால நேரத்துல சத்தமே இல்லாமப் போற சுகம், அது ஒரு தனி சுகம்தான். யாரும் மறுக்க முடியாது.

ஆனா புதுப்பேட்டைச் சந்துல நடக்கும்போது, டயர் இல்லாம, கதவு இல்லாம நிக்கிற ஒரு பெரிய காரைப் பார்த்தா உள்ளே எட்டிப் பாருங்க. டேஷ்போர்டுல பிள்ளையார் ஸ்டிக்கர் இருக்கும். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் ஒரு ஓரத்துல காய்ஞ்சு போயிருக்கும். அதுவும் ஒரு நாள் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பமே கைதட்ட ஷோரூமை விட்டுக் கிளம்பின வண்டிதான். முதல் ஓனருக்கு அதை வாங்கக் காசு இருந்துச்சு. கடைசி ஓனருக்கு அதை வச்சிருக்கக் காசு இருந்துச்சான்னு அந்தச் சந்தைக் கேட்டுட்டு, அப்புறமா விளம்பரத்துக்கு போன் போடுங்க!