அறுநூறு கேசட்டும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும்

கும்பகோணத்தில் ஒரு கேசட் கடை இருந்தது. பெரிய கடை எல்லாம் இல்லை. ஒரு மேஜை, இரண்டு டெக், சுவர் முழுக்க கேசட் அடுக்கிய ரேக், அவ்வளவுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு நாலு இருந்த அதே 'ரெக்கார்டிங் சென்டர்'. பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், "அறுபதா, தொண்ணூறா?" என்று கேட்டுவிட்டு, ரெண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். முப்பது நிமிஷப் பக்கத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகாமல் கணக்குப் போட்டு நிரப்புவது தனிக் கலை. இன்றைக்கு காலேஜில் படிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் ஏதோ சங்க காலத்துக் கதை மாதிரி கேட்கிறார்கள்!

2004-ல் கடையை மூடினார்கள். டெக் ஒன்றை விற்றாயிற்று, ஒன்று வீட்டுக்கு வந்தது. கேசட்டுகள் மூட்டை மூட்டையாகப் பரணுக்குப் போயின. சுமார் அறுநூறு.

கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. 2006-ல் மகனுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் டெக்கை இணைத்து ஒவ்வொன்றாக எம்பி3 ஆக்கத் தொடங்கினார். அன்றைக்கு டிஸ்கில் இடம் ஏது? 128 கேபிபிஎஸ்-ல் சுருக்கி சிடியில் எழுதி வைத்தார். நாலைந்து மழைக்காலம் தாண்டுவதற்குள் பாதி சிடி படிக்கவில்லை. மிச்சத்தை 2012-ல் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினார். அது ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயர் காலில் மாட்டி மேஜையிலிருந்து விழுந்தது. அப்புறம் டிக்... டிக்... டிக்... என்ற சத்தம் மட்டும்தான். ஹார்ட் டிஸ்கின் உள்ளே சுழலும் தட்டுக்கும் மேலே மிதக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட வராது. ஓடும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேட்டாவை மீட்டுத் தருகிறோம் என்றவர்கள் கேட்ட தொகையில் புதிதாகப் பத்து டிஸ்க் வாங்கலாம். அவர் பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

ஆக, இது மூன்றாவது முயற்சி. பரணில் கேசட்டுகளுக்கும் வயதாகிறது. சிலவற்றில் பூஞ்சை. சிலவற்றில் டேப்பை அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்ன ஸ்பாஞ்சு உதிர்ந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை ஓடும், நாலாவது முயற்சிக்கு ஓடுமா என்பது சந்தேகம்தான். இந்த முறை சென்னையில் வேலை பார்க்கும் மகன்தான் களத்தில் இறங்கினான்.

முதலில் எவ்வளவு இடம் வேண்டும்? பலரும் கடைக்குப் போய்த்தான் இதை யோசிக்கிறார்கள். வீட்டிலேயே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். சிடி தரத்தில், சுருக்காமல் பதிவு செய்தால் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி. அறுநூறு கேசட்டுக்கு 360 ஜிபி. ஃப்ளாக் என்று ஒரு வடிவம் இருக்கிறது. ஜிப் ஃபைல் மாதிரி, சுருக்கினாலும் ஒலியில் ஒரு துளி கூடப் போகாது, ஆனால் இடம் ஏறக்குறைய பாதியாகும். ஆக, 200 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் தாராளம். (விண்டோஸில் போட்டால் அது 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவே.)

இடத்தை விடப் பெரிய செலவு நேரம். கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிய முடியாது. அறுநூறு மணி நேரம் என்றால் அறுநூறு மணி நேரம்தான். தினம் சாயங்காலம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இருநூறு நாள். அந்த இருநூறு நாளைத்தான் ஹார்ட் டிஸ்கில் வைக்கப் போகிறார். இப்படி யோசித்தால் டிஸ்க் விலை அற்பமாகத் தெரியும்.

மகன் போனில் சொன்னான்: "அப்பா, நாலு டெராவா ஒண்ணு வாங்கிடலாம். கூட கொஞ்சம்தான் ஆகும்."

"ஒண்ணுதானே? அதுவும் கீழ விழுந்தா?"

கேள்வி சரியான கேள்வி. பேக்கப் என்ற சொல்லை நாம் ரொம்பத் தப்பாகப் பயன்படுத்துகிறோம். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று பாட்டையெல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகர்த்திவிட்டு "பேக்கப் எடுத்தாச்சு" என்கிறோம். அது பேக்கப் இல்லை, வீடு மாற்றியது! இருக்கும் ஒரே பிரதி இப்போது எளிதில் கீழே விழக்கூடிய ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். நாலு டெரா ஒன்றுக்குப் பதில் ஒரு டெரா இரண்டு வாங்குவது என்று முடிவாயிற்று.

அடுத்து, எந்த வகை? எஸ்எஸ்டி வாங்கினால் கீழே விழுந்தாலும் பயமில்லை, சுழலும் பாகமே கிடையாது. ஆனால் அது மின்னேற்றமாகத் தகவலைப் பிடித்து வைக்கிறது. பல வருஷம் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டுவைத்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும், வெயில் அதிகமானால் இன்னும் சீக்கிரம். நம் ஊர் மே மாதத்தில் மாடி அறை பீரோவை நினைத்துப் பாருங்கள். தினம் பயன்படுத்துகிறவர்களுக்கு எஸ்எஸ்டி நல்லது, எடுத்து வைத்து மறந்துவிடுகிறவர்களுக்கு சுழலும் டிஸ்கே மேல்.

அதிலும் இரண்டு உண்டு. மேஜையில் வைக்கும் மூன்றரை இஞ்ச் வகைக்குத் தனி அடாப்டர் வேண்டும். எழுதும்போது கரண்ட் போனால் தலைவலி. இரண்டரை இஞ்ச் வகை யூஎஸ்பி ஒயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் சொருகினால் பவர்கட்டைப் பற்றிக் கவலையே இல்லை. 'இந்தச் சின்ன டிஸ்க்கெல்லாம் தடங்களை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதுகிறது, மெதுவானது' என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மைதான். ஆனால் அது அடிக்கடி அழித்து எழுதுகிறவர்கள் கவலைப்பட வேண்டியது. பாட்டை ஒரு தடவை எழுதுகிறோம், அப்புறம் படிக்க மட்டும்தான் செய்கிறோம்.

பிராண்ட்? இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர். வெளிப்பெட்டியில் எந்தப் பேர் இருந்தாலும் உள்ளே இவர்களில் ஒருவர்தான். மூவருடையதும் பழுதாகும். எனவே மகன் செய்தது புத்திசாலித்தனம்: ரிச்சி தெருவில் இரண்டு கம்பெனியில் ஒவ்வொன்று வாங்கினான். ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் என்றால் ஒரே குறையும் சேர்ந்தே வரலாம் இல்லையா? '16 டெராபைட் எஸ்எஸ்டி' என்று ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருவதை மட்டும் தொடவே வேண்டாம். அப்படி வந்தவற்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே மெமரி கார்டு ஒட்டியிருந்தது.

இத்தனையும் ஆன்லைனில் ஏற்றினால் ஆகாதா என்று கேட்பீர்கள். மூன்றாவது பிரதியாக ஏற்றலாம். ஒரே பிரதியாக வேண்டாம். மைஸ்பேஸ் தளம் சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகளை எல்லாம் தொலைத்தது. 2019-ல்தான் இது வெளியே பரவலாகத் தெரிந்தது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் என்றார்கள். வேறு யாரோ முன்பு இறக்கி வைத்திருந்ததால் இன்டர்நெட் ஆர்க்கைவ் திரும்ப ஏற்ற முடிந்தது சுமார் 4,90,000 மட்டுமே.

டிஸ்க் வந்தது. பதிவு தொடங்க ரேக் ரேக்காகப் பிரித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அறுநூறில் ஐந்நூற்றுச் சொச்சம் சினிமாப் பாட்டு. அதெல்லாம் இன்று எங்கேயும் கிடைக்கிறது, இந்த டேப்பை விடத் தெளிவாகவே. மிச்சம் ஒரு நாற்பது கேசட் அப்படியில்லை. கோயில் திருவிழாவில் மைக் செட்காரரிடம் கேட்டு ஒயர் இழுத்துப் பதிந்த நாதஸ்வரக் கச்சேரிகள், வளைகுடாவுக்குப் போன மகனுக்கு ஒரு தாய் பேசி அனுப்பி, நகல் மட்டும் கடையில் தங்கிவிட்ட ஒரு கேசட், அப்புறம் 1991-ல் கடைக்காரரின் அம்மா பேரப்பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டு. கிழவி பாடும்போது நடுவில் பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. அந்தப் பேரப்பிள்ளைதான் இந்த மகன்.

நாற்பது கேசட் என்றால் சுருக்காமலே 24 ஜிபி. ஒரு 32 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும்! இத்தனை நாளாக அறுநூறுக்கும் சேர்த்து மலைத்துப்போய் நின்றவர்கள், அன்று ராத்திரியே அந்த நாற்பதை முதலில் என்று மாற்றிக்கொண்டார்கள். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. தாலாட்டு கேசட்டில் ஒரு இடத்தில் டேப் சுருங்கியிருந்தது. அங்கே நாலைந்து நொடி குரல் தள்ளாடுகிறது. சாஃப்ட்வேரில் சரி செய்யட்டுமா என்றான் மகன். "விட்டுடு தம்பி, அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அப்பா.

காப்பி எடுத்ததும் இரண்டு டிஸ்கிலும் ஃபைல்கள் ஒன்றேபோல் இருக்கின்றனவா என்று செக்சம் போட்டுப் பார்த்தார்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஃபைல் பெயர் தெரிகிறது என்பதாலேயே ஃபைல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, இரண்டையும் எப்போதும் சொருகியே வைக்கக் கூடாது. வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஒரு டிஸ்க் கும்பகோணம் வீட்டு பீரோவில் இருக்கிறது. இன்னொன்று திருச்சியில் மகள் வீட்டில், பழைய பிஸ்கட் டின்னுக்குள். பொங்கலுக்கு அவள் வரும்போது கொண்டுவருகிறாள். சினிமாப் பாட்டில் அந்த வருஷம் பதிந்ததைச் சேர்த்து, பழையது ஒழுங்காகப் படிக்கிறதா பார்த்து, திரும்பக் கொடுத்தனுப்புகிறார்கள். பென் டிரைவ் சென்னையில் மகனிடம். போன வருஷம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குக்கர் விசிலோடு சேர்த்துத்தான் அது தூங்குகிறதாம்.