அத்தை வீட்டுத் தாழ்ப்பாள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அத்தை வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் முதலில் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "நான்தான்" என்றால் கதவு திறக்காது. "எல்லோரும்தான் நான்தான்! பேரைச் சொல்லு" என்பாள் அத்தை. பேரைச் சொன்ன பிறகும் ஜன்னல் வழியே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கை வைப்பாள்.

சென்ற மாதம் ஒரு கட்டுரைக்காக அங்கே போயிருந்தேன். பகலில் தேவனாம்பட்டினத்துக் கோட்டை இடிபாடுகளைப் பார்த்தேன். 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை அது. சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எதுவரை தெரியுமா? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது.

இதையெல்லாம் சுவையாக எழுதி, இரவு ஏழு மணிக்கு லாப்டாப்பில் ஆபீசுக்கு ஈ-மெயில் அனுப்பினேன். எட்டு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். 'அனுமதி இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அதே பதில். பத்து வருஷம் உழைத்த ஆபீஸ் என்னை யாரென்று கேட்கிறது!

கோபத்தோடு ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"வெளியூர் போகிறவர்கள் தனி வாசலுக்குப் பதிவு செய்யணும்னு சுற்றறிக்கை அனுப்பினேனே, பார்க்கலையா சார்?" என்றார்.

பார்த்தேன், படிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. எங்கள் தபால் கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பார்க்கும். ஆபீஸ் எண்களின் பட்டியலில் இருந்தால் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் அனுப்பும். இல்லாவிட்டால் கையை விரித்துவிடும். அத்தை வீட்டு எண் பட்டியலில் இல்லை. நான் குண்டுக்கு அந்தப் பக்கம்!

ஆதியில் இந்தக் கெடுபிடி கிடையாது. 1982-ல் ஜான் பாஸ்டெல் என்பவர் ஈ-மெயிலுக்கு விதி எழுதிய நாளில், யார் கடிதத்தையும் யார் கம்ப்யூட்டரும் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நம் கடிதத்தைத் தபாலில் போடுகிற மாதிரிதான். பிறகு விளம்பரப் புரட்டர்கள் புகுந்து, திறந்த வாசல் வழியே கோடிக்கணக்கில் குப்பையைக் கொட்டினார்கள். 1990-களின் இறுதியில் உலகமே கதவைச் சாத்தத் தொடங்கியது.

எங்கள் ஆபீஸ் கொஞ்சம் தாமதம். சில வருஷங்களுக்கு முன் யாரோ எங்கள் வாசல் வழியே குப்பைக் கடிதங்களை அனுப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் எங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்போது சிதம்பரத்து வாசகி ஒருவருக்கு, 'உங்கள் கதை தேர்வாகியிருக்கிறது' என்று எழுதியிருந்தேன். அது அவருடைய குப்பைக் கூடையில் போய் விழுந்தது. பதில் வரவில்லை என்று, "இனி எழுதுவதில்லை" எனத் தீர்மானித்து நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார் அந்த அம்மாள். நானே போன் செய்து சமாதானம் சொல்லும்படி ஆயிற்று. தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் களவு போவது சாமான் மட்டுமல்ல; பெயரும்தான்.

எல்லைக்குள் இருப்பவரையெல்லாம் நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் புகுந்திருந்தது. அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர். முக்கியமான உள் கட்டமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் அக்டோபர் 30-ந் தேதி அறிவித்தது. கூடத்துக்கு வந்தவரெல்லாம் பூஜை அறைக்குள் நுழைய முடியாதபடி இன்னொரு கதவு வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

"சரி தம்பி, எனக்காக ஐந்து நிமிஷம் கதவைத் திறக்கக் கூடாதா?" என்று கெஞ்சினேன்.

"குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா குரலை நம்பித் திறக்கக் கூடாது சார்" என்று போனை வைத்துவிட்டார்!

அடுத்த நிமிஷம் என் கைப்பேசி மணி அடித்தது. ஆபீஸ் ஏட்டில் உள்ள என் எண்ணுக்கு அவரே அழைத்திருந்தார். பெயர், பாஸ்வேர்டு, பிறகு கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கம் என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்ன பின், வெளியூர்க்காரர்களுக்கான தனி வாசல் திறந்தது. ஏழு ஐம்பத்தைந்துக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "கெட்டிக்காரப் பிள்ளை. கல்யாணம் ஆயிடுத்தா?" என்றாள்.

இரவு பால் வாங்கி வந்து கதவைத் தட்டினேன். "யாரது?"

'நான்தான்' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அப்பா பெயரையும் சேர்த்து என் முழுப் பெயரைச் சொன்னேன்.