ஒரு கழகத்தின் ஊர்

சிட்னி மாநகரின் தென்மேற்கு எல்லையில் உள்ள காம்பெல்ரவுண் பகுதியில், ஆராய்ச்சிக் கல்வியின் பொருட்டு நான் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தம் மகனுடன் வாழ்ந்து வந்தார். வேலியோரத்தில் நின்று நெடுநேரம் கதைப்பது நம் ஊர்களுக்கே உரிய வழக்கமன்று என்பதை அவர்களிடமிருந்தே அறிந்துகொண்டேன். தந்தையும் மகனும் அரசியலில் ஒரே கட்சி. றக்பியிலும் ஒரே கழகம். ஆயினும் அக்கழகம் தன் சொந்த ஆட்டங்களை எந்த மைதானத்தில் ஆடவேண்டும் என்ற கேள்வி எழுந்துவிட்டால் அந்த வீட்டின் இராப்போசனம் ஆறிப்போகும்.

றக்பி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கண்டி நித்தவலை மைதானமும் பதினைவர் ஆட்டமுமே. சிட்னியின் தொழிலாளர் குடியிருப்புகளில் வேர்கொண்டது அதன் பங்காளியான வேறோர் ஆட்டம். வேலையை விட்டு ஆடவரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற பிணக்கின் விளைவாக, 1895 இல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிற் கூடிய கழகங்கள் தனிவழி சென்றன. அவ்வாறு பிரிந்தவர்களின் ஆட்டமே பின்னர்ப் பதின்மூவர் ஆட்டமாகி, றக்பி லீக் எனப் பெயர் பெற்றது. 1908 இல் சிட்னியில் அதன் சுற்றுப்போட்டி தொடங்கியபோது, கழகம் என்பது ஊரின் மறுபெயராகவே இருந்தது. ஒரு கழகத்துக்கு ஆட விரும்புபவன் அக்கழகத்தின் எல்லைக்குள் குடியிருத்தல் வேண்டும் என்ற விதி 1959 வரை நிலவியது. எனவே அங்கே சொந்த மைதானம் என்ற சொல் வெறும் வசதிக்காகச் சூட்டப்பட்ட பெயரன்று. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனும் மேட்டில் நின்று கூச்சலிடுபவனும் ஒரே தெருவினர் என்பது அதன் பொருள்.

அச்சுற்றுப்போட்டியின் முதல் நாளான 1908 ஏப்ரல் 20 அன்று, துறைமுகக் கரையோரத்துப் பேர்ச்குரோவ் மைதானத்தில் பால்மெய்ன் கழகமும், 'மேற்குப் புறநகர்' என்று பொருள்படும் வெஸ்ரேர்ண் சபேர்ப்ஸ் கழகமும் மோதின. பால்மெய்ன் வென்றது. தொண்ணூற்றொரு ஆண்டுகளின் பின் இவ்விரண்டும் ஒரே கழகமாக இணைய நேரிடும் என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் இரு தரப்பினரும் சேர்ந்து அவரைத் துறைமுகத்தில் தள்ளியிருப்பர்.

என் அயலவர் பால்மெய்னிற் பிறந்தவர். இன்று அப்பெயரைக் கேட்பவர்க்குக் கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளும் காப்பிக் கடைகளுமே நினைவுக்கு வரும். அவர் பிறந்த காலத்துப் பால்மெய்ன் கப்பல் கட்டுந் துறைகளும் சவர்க்கார ஆலைகளும் நெருங்கிய குடியிருப்புகளும் நிறைந்த உழைப்பாளர் தீபகற்பம்; அதன் அடியில் ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கம்கூட இருந்தது. அவருடைய தந்தையார் வேலைபார்த்த மோர்ட்ஸ் கப்பற்றுறை 1950களின் இறுதியில் மூடப்பட்டது. 1934 முதல் பால்மெய்ன் கழகத்தின் மைதானமாயிருந்த லைக்கார்ட்டிற்குத் தந்தையின் கைபிடித்துச் சென்ற சிறுவன், 1969 இல் தன் கழகம் சவுத் சிட்னியைத் தோற்கடித்து வாகை சூடியபோது வேலைக்குப் போகும் இளைஞனாயிருந்தான். அதன்பின் பால்மெய்ன் அப்பெயரில் மீண்டும் வாகை சூடவேயில்லை. 1970களில், வாங்கக்கூடிய விலையில் ஒரு துண்டு நிலம் தேடி அந்த இளைஞன் தென்மேற்கே காம்பெல்ரவுணுக்குக் குடிபெயர்ந்தான், அவனைப்போலப் பல்லாயிரவர். அரசாங்கமே அப்பகுதியைத் துணைநகராகத் திட்டமிட்டு வளர்த்த காலம் அது.

மற்றக் கழகத்தின் வரலாறோ முழுவதும் பெயர்ச்சியே. முதலில் ஆஷ்பீல்ட், பின்னர் 1967 முதல் லிட்கொம், 1987 முதல் காம்பெல்ரவுண் என்று நகரம் மேற்கே விரிய விரிய வெஸ்ரேர்ண் சபேர்ப்ஸ் கழகமும் கூடவே நடந்தது. அஸ்பெஸ்ரஸ் தகட்டுச் சுவர் வீடுகளில் வாழ்ந்த அதன் ஆதரவாளரை மற்றவர்கள் 'ஃபைப்ரோ' என்று எள்ளியதும், அவர்கள் அந்த வசையையே கொடியாகத் தூக்கிக்கொண்டதும் சிட்னி விளையாட்டுலகம் நன்கறிந்த கதை. 1983 ஆம் ஆண்டின் முடிவில் நியூட்டவுன் கழகத்துடன் சேர்த்து இதனையும் போட்டியிலிருந்து நீக்க முற்பட்டபோது, நீதிமன்றப் படியேறியே இது பிழைத்தது. கழகம் காம்பெல்ரவுணுக்கு வந்தபோது முதியவரின் மகனுக்கு ஒன்பது வயது. பாடசாலைத் தோழர்களுடன் மைதானத்துக்குப் போன பையன் தந்தையின் கழகத்தை விட்டு வெஸ்ற்ஸ் கட்சியிற் சேர்ந்துவிட்டான். "என் வீட்டுக்குள்ளேயே துரோகம்" என்று முதியவர் இன்றும் சொல்வார்; சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

1995 முதல் தொலைக்காட்சிப் பணத்தின் பொருட்டு இரு பெரும் நிறுவனங்கள் நடத்திய போட்டி, ஆட்டத்தையே இரண்டாகப் பிளந்தது. சமாதானத்தின் விலையைச் சிறிய கழகங்கள் கொடுத்தன. 1998 இல் இருபதாயிருந்த அணிகள் 2000 இல் பதினான்காகக் குறைக்கப்பட்டன. தனித்து நின்றால் அழிவு என்ற நிலையில் பால்மெய்னும் வெஸ்ற்ஸும் 1999 இல் இணைந்து 'வெஸ்ற்ஸ் ரைகர்ஸ்' ஆயின. ஒரே வீட்டின் எதிரிகள் இருவரும் ஒரே கழகத்தவராயினர். 2005 இல் அக்கழகம் இறுதியாட்டத்தில் வட குவீன்ஸ்லாந்து அணியை 30–16 என்று வென்று வாகை சூடிய இரவு தந்தையும் மகனும் கட்டியழுததாக மகன் கூறினார். தந்தை அதனை மறுத்தார்.

பெயரையும் நிறங்களையும் இணைக்க முடிந்தது. மைதானங்களை எவ்வாறு இணைப்பது? லைக்கார்ட் நகர மையத்துக்கு அண்மையில் உள்ளது. காம்பெல்ரவுண் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் அப்பால். ஒரு பருவத்திற் கிடைக்கும் சொந்த ஆட்டங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு. அவற்றை இரண்டு ஊர்களுக்கும் பங்கிட்டு, வருவாய்க்காகப் பெரிய அரங்குகளுக்கும் சிலவற்றைக் கொடுத்து, சில ஆண்டுகளில் தொலைதூர நாட்டுப்புற நகரான டாம்வர்த்துக்கும் ஒன்றை அனுப்பினால், "அடுத்த வாரம் நாம் எங்கே?" என்று ஆதரவாளன் நாட்காட்டியைப் பார்த்தே அறியவேண்டியவனாகிறான். சொந்த வீடுகள் பல உடையவன் உண்மையில் வாடகைக் குடியினன் என்றார் மகன். இது மிகையன்று.

மகனின் வாதம் எளிது. மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் கழகம் இருத்தல் வேண்டும். பால்மெய்னிலும் லைக்கார்ட்டிலும் இன்று வாழ்வோரிற் பலர் றக்பி லீக்கை அறியாதவர். அறிந்த தலைமுறை வீட்டு விலையினால் விரட்டப்பட்டுத் தென்மேற்கே வந்துவிட்டது. சமோவா, தொங்கா முதலிய தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் காம்பெல்ரவுண் தெருவெங்கும் பந்தோடு ஓடுகிறார்கள். நாளைய ஆட்டக்காரர் அவர்களே. அவர்களுக்கு நாலைந்து ஆட்டங்களை மட்டும் எறிந்துவிட்டு, நகரத்துப் பழைய மேட்டிற் கூடிப் பழங்கதை பேசுவது என்ன நியாயம்?

தந்தையின் வாதத்தை வாதம் என்று கூறுவதே கடினம். "அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்" என்று தொடங்குவார். றோசெல் பகுதியில் இருந்த பால்மெய்ன் கழகத்தின் மன்றம், பின்னர்க் கைவிடப்பட்ட ஒரு சுரங்கப் புகையிரதத் திட்டத்தை முன்னிட்டு 2010 இல் மூடப்பட்டு, ஆண்டுக்கணக்கிற் பாழடைந்து நின்றது. மன்றம் போனபின் பணபலம் முழுவதும் ஆஷ்பீல்ட் மன்றத்தின் கைக்கு மாறிற்று. பால்மெய்னுக்கு எஞ்சியிருப்பது லைக்கார்ட் மேடு ஒன்றே. "அதையும் விட்டால், நாங்கள் இணைந்தோம் என்று சொல்லாதே, விழுங்கப்பட்டோம் என்று சொல்" என்பார். அவர் காம்பெல்ரவுணில் வாழ்ந்துகொண்டே இதனைச் சொல்வதுதான் எனக்கு முதலில் வேடிக்கையாயிருந்தது. நடந்து போகக்கூடிய தொலைவில் மைதானம் இருக்க, நகரத்துக்குப் போய் வேறு வண்டி மாறிச் செல்லும் மைதானத்துக்காக ஒருவர் வாதாடுகிறாரே என்று எண்ணினேன்.

மூன்றாவது கட்சியொன்றும் உண்டு. இரண்டையும் விட்டு, 2019 இல் 30,000 இருக்கைகளுடன் திறக்கப்பட்ட பரமற்றாப் புதிய அரங்குக்கே ஒரேயடியாகப் போய்விடலாம் என்பது அவர்கள் கருத்து. கூரை உண்டு, நல்ல இருக்கை உண்டு, புகையிரத நிலையமும் அண்மையில் உண்டு. லைக்கார்ட்டின் கழிப்பறையைக் கண்டவர் எவரும் இக்கருத்தை எளிதில் ஒதுக்கார். கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்தவருக்கு இது சரியான தீர்வாகத் தோன்றலாம். எனக்கோ மூன்றிலும் மோசமானது இதுவெனப்பட்டது. அவ்வரங்கு பரமற்றாக் கழகத்தின் சொந்த வீடு. எதிரியின் திண்ணையிற் பந்தி விரித்து அதனைச் சொந்தக் கலியாணம் என்று எவ்வாறு சொல்வது? தந்தையும் மகனும் ஒன்றுபட்டு எதிர்த்த ஒரேயொரு யோசனை இதுதான்.

தொடக்கத்தில் நான் மகனின் பக்கமே சார்ந்தேன். அதற்குக் காரணம் றக்பி அன்று. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சனசமூக நிலையத்தின் பெயர்ப்பலகையும் விளையாட்டுக் கழகத்தின் வெற்றிக் கிண்ணங்கள் சிலவும் ஒரு சைக்கிளில் வந்து சேர்ந்தன. அப்பெயரிலேயே வேறோர் ஊரின் வெறுங்காணியில் எங்கள் இளைஞர் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் ஆடினர். நானும் அங்கேதான் ஆடப் பழகினேன். பல ஆண்டுகளின் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, கழகத்தின் மைதானத்தைப் பழைய ஊருக்கே கொண்டுபோகவேண்டும் என்று ஐயாவும் அவர் வயதினரும் பிடிவாதமாக நின்றார்கள். பற்றையும் உடைந்த சுவருமாய்க் கிடந்த அந்த நிலத்துக்கு எவர் பந்தோடு வரப்போகிறார்கள், ஆடுகின்ற பிள்ளைகள் எல்லாம் இங்கேயல்லவா இருக்கிறார்கள் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் ஐயா என்னோடு இரண்டு நாட்கள் பேசவில்லை. என் பேச்சிற் பிழை இருந்ததாக இன்றும் நான் கருதவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எவரும் ஐயாவிடம், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

2023 மே மாதம் ஒரு சனிக்கிழமை, முதியவர் என்னையும் லைக்கார்ட்டுக்கு அழைத்துச் சென்றார். மகனும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். புகையிரதத்தில் நகரம் போய், அங்கிருந்து டிராம் போன்ற சிறு வண்டியில் ஏறி, இறங்கி நடந்தோம். அந்த நடையிலேயே முதியவர் பேசத் தொடங்கிவிட்டார். இந்த மூலையில் ஒரு மதுக்கடை. அந்த வீட்டில் இன்னாருடைய அத்தை. மழை பெய்தால் இந்த மரத்தின் கீழே நிற்பது. மைதானத்தில் இருக்கைகள் சிலவே, பெரும்பகுதி புல்மேடு. முழங்கால் நோவுடன் அவர் அந்த மேட்டில் ஏறினார். மகன் கைகொடுக்க முன்வந்தபோது தட்டிவிட்டார். பின்னர், இந்த இடத்தில்தான், என்று ஒரு புற்றரையைக் காட்டினார். தந்தையார் நின்ற இடம் அதுவாம். அங்கே வேறெவரோ விரிப்பு விரித்துக் குழந்தையுடன் அமர்ந்திருந்தனர். முதியவர் அவர்களிடம் ஒன்றும் கூறாது அருகிலே நின்றுகொண்டார்.

அன்று நிகழ்ந்ததை ஆட்டம் அறிந்தோர் இன்றும் நம்பமாட்டார்கள். முந்திய ஆண்டு கடைசி இடத்தில் நின்று 'மரக்கரண்டி' என்ற ஏளனப் பட்டம் பெற்றிருந்த கழகம், 2005 இறுதியாட்டத்தின் அதே எதிராளியான வட குவீன்ஸ்லாந்தை 66–18 என்று நொறுக்கியது. முன்பின் அறியாதோர் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். ஐம்பதைக் கடந்தபின் முதியவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஆட்டத்தைப் பாராமல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வண்டியில் அவர் உறங்கிவிட்டபின் மகன் என்னிடம் தாழ்ந்த குரலில், "காம்பெல்ரவுணில்தான் ஆடவேண்டும் என்பதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இவர் இருக்கும்வரை இங்கே ஆண்டுக்கு ஓராட்டமாவது இருக்கட்டும்" என்றார். இருக்கும்வரை என்ற அச்சொல்லின்மேல் எங்கள் இருவர் பேச்சும் நின்றுவிட்டது. அன்றிரவு நான் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, பழைய மைதானத்தின் வேப்பமரம் எந்தப் பக்கம் நின்றது என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் அரைமணி நேரம் பேசினார்.

யூலைத் தொடக்கத்தில் அதே வட குவீன்ஸ்லாந்து அணி தன் ஊரான டவுன்ஸ்வில்லில் எங்கள் கழகத்தை 74–0 என்று பழிதீர்த்துக்கொண்டது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் மரக்கரண்டி எங்களுக்கே. மறுநாட் காலை வேலியோரம் முதியவரைக் கண்டபோது என்ன சொல்லி ஆறுதல் கூறுவதென்று தெரியாமல் நின்றேன். அவரே தொடங்கினார்.

"அது லைக்கார்ட்டில் நடந்ததல்ல."

"காம்பெல்ரவுணிலும் நடந்ததல்ல" என்று சமையலறை யன்னலிலிருந்து மகனின் குரல் வந்தது.