மயிலையிலிருந்து அடையாறு வரை ஒரு குட்டி ரொட்டி

மயிலாப்பூர் என்றால் கபாலி கோயில், தெப்பக்குளம், மாடவீதிக் காய்கறிக் கடைகள், அறுபத்து மூவர் உற்சவம் என்று கடகடவென்று ஒப்பித்து விடுவோம். ரொட்டிக்கும் மயிலைக்கும் சம்பந்தம் உண்டு என்றால், "அதென்ன புதுக் கதை?" என்று கேட்பீர்கள். லஸ் சர்ச்சுக்குப் போய்ப் பாருங்கள். 1516 என்று ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டி சென்னப்பட்டணத்தை ஆரம்பித்தது 1639-க்குப் பிறகுதான். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே போர்த்துக்கீசியர்கள் சாந்தோம் கரையில் வந்து குடியேறி விட்டார்கள்.

அவர்கள் விட்டுப் போன சொற்களை நாம் தினமும் புழங்குகிறோம். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் பாஷையிலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்களே, அதுவும் அவர்கள் சொல்தான். மாவை உப்ப வைக்க நம் கடற்கரை ஊர்களில் அவர்களுக்குக் கைகொடுத்தது தென்னங்கள். கோவாவில் அப்படித்தான் ரொட்டி சுட்டார்கள். நம் பக்கம் ஆப்ப மாவுக்குக் கள் விட்டதும் இதே காரணத்துக்குத்தான். சீமையில் பீர் காய்ச்சுகிற இடத்திலிருந்து நுரையை வாங்கி வந்து ரொட்டி மாவில் கலப்பார்களாம். ஆக, ரொட்டிக்கும் மதுவுக்கும் உள்ள உறவு மிகப் பழசு.

இந்த உறவு எங்கள் குடும்பத்துக்குள் ஒரு சின்னச் சங்கடமாக வந்து நின்றது. அதைத் தீர்க்கப் போய்த்தான் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றையும் ஒரே நாளில் சுற்றினோம்.

மூன்றே சாமான்

என் அக்கா பெண் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறாள். லீவில் வந்தவள் இரண்டு நாள் மயிலையில் என்னோடு தங்கினாள். அடையாறில் அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சாப்பாடு. அதற்குத் தன் கையால் 'பீர் பிரெட்' செய்து எடுத்துப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"ரொம்ப ஈஸி சித்தி. மாவு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு பாட்டில் பீர். பிசையவே வேண்டாம், ஊற வைக்கவும் வேண்டாம். கலக்கி ஓவன்ல வெச்சா முடிஞ்சுது" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அப்பா, அதாவது என் அத்தான், குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அக்கா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். சிகிச்சை, மறுபடி சறுக்கல், மறுபடி சிகிச்சை என்று மூன்று வருஷம் போராடித்தான் இந்த ஆறு வருஷம் கிடைத்தது.

"அடுப்புல வெந்தா ஆல்கஹால் எல்லாம் ஆவியாயிடும் சித்தி. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் பெண்.

அநேகம் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். இது முழு உண்மை இல்லை. அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்டுள்ள அட்டவணைப்படி, மாவிலோ குழம்பிலோ கலந்த மது அரை மணி நேரம் வெந்த பிறகும் சுமார் மூன்றில் ஒரு பங்கு தங்குகிறது. ஒரு மணி நேரம் வெந்தாலும் கால் பங்கு நிற்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் அளவு குறைவுதான், போதை ஏறாது. ஆனால் குடியை விட்டவருக்கு அளவு மட்டும் பிரச்னை இல்லை. அந்த வாசனையும் ருசியுமே பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடக் கூடும். கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று டாக்டர்கள் எந்த அளவையும் சொல்வதில்லை. கைக்குழந்தைக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் பதமாகச் சொன்னேன். அவள் முகம் வாடிப் போயிற்று. "அப்ப செய்யவே முடியாதா?" என்றாள்.

"யாருடி சொன்னா? பீர் அந்த ரொட்டியில என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லு. அந்த வேலையைச் செய்ய வேற ஆள் இருக்கான்னு பார்ப்போம்" என்றேன்.

உட்கார்ந்து யோசித்ததில் மூன்று வேலை தெரிந்தது. பீரில் இருக்கும் வாயுக் குமிழ், பேக்கிங் பவுடரோடு சேர்ந்து மாவைத் தூக்குகிறது. அதன் லேசான புளிப்பு ருசியைக் கூட்டுகிறது. முளைவிட்ட பார்லியிலிருந்து செய்வதால், அந்த முளைதானிய வாசனையும் இனிப்பும் ரொட்டிக்கு மணத்தையும் பொன்னிறத்தையும் கொடுக்கின்றன. குமிழ், புளிப்பு, முளைவாசனை. மூன்றையும் தேடிக் கிளம்பினோம்.

மாடவீதியில் முளை

முளைவாசனைக்கு எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. வடக்கு மாடவீதிப் பக்கம் தானியக் கடையிலேயே கிடைத்துவிட்டது. முளைகட்டிய கேழ்வரகு மாவு! குழந்தைக்குக் கூழ் காய்ச்ச நம் வீட்டில் வைத்திருப்போமே, அதேதான். கேழ்வரகை ஊற வைத்து, துணியில் கட்டி முளை விட்டதும் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்பது. முளைக்கும்போது தானியத்திலுள்ள மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறுகிறது. பார்லியை வைத்து அவர்கள் செய்வதை, கேழ்வரகை வைத்து நம் பாட்டிமார்கள் செய்திருக்கிறார்கள். அவர்கள் பாட்டிலில் அடைத்தார்கள், நாம் பாலாடையில் புகட்டினோம். அவ்வளவுதான் வித்தியாசம்!

புளிப்புக்கு, வீட்டில் முந்தின நாள் தயிரைக் கடைந்த மோர் இருந்தது. மோரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் வாயு உண்டாகும். ஐர்லாந்து தேசத்தில் ஈஸ்ட் இல்லாமல் இப்படி மோரும் சோடாவும் போட்டே ரொட்டி சுடுகிறார்கள். நம் ஊருக்கும் அவசர ரொட்டி புதிதல்ல. 1878-ல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஒரு ராணுவ கர்னல் சென்னையில் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே, பேக்கிங் பவுடர் போட்டு வீட்டில் ரொட்டி சுடுவது பற்றி எழுதியிருக்கிறார்.

தி. நகரில் குமிழ்

பஸ் பிடித்து தி. நகர் போனோம். சாதாரண பஸ்ஸில் நமக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லையே, இரண்டு கடை அதிகம் ஏறி இறங்கலாம் என்ற தைரியம்! தியாகராய நகர் என்ற இந்தக் கடல் போன்ற கடைவீதி, ஒரு காலத்தில் நிஜமாகவே தண்ணீர் நின்ற ஏரி. 1920-களில்தான் அந்த ஏரியைத் தூர்த்து ஊராக்கினார்கள். இப்போது ரங்கநாதன் தெருவில் நிற்பது ஜனக்கடல். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாலம் போட்ட பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற தாய்மார்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

பாத்திரக் கடையில் உள்ளங்கை அகலத்தில் ஆறு அலுமினியக் கிண்ணம் வாங்கினோம். பெரிய ரொட்டியை விடக் குட்டி ரொட்டி சீக்கிரம் வேகும். வெளியே முறுகி உள்ளே மாவாக நிற்கும் என்ற பயமும் இல்லை. பக்கத்துப் பெட்டிக் கடையில் வெறும் சோடா இரண்டு பாட்டில். பன்னீர் சோடா, இனிப்பு சோடா உதவாது என்பதைக் கவனியுங்கள். "மது இல்லாத பீர்னு ஒண்ணு இருக்கே சித்தி" என்று பெண் கேட்டாள். அதிலும் துளி மது இருக்கலாம், வாசனையோ அப்படியே அசல் மாதிரி. அத்தான் விஷயத்தில் அதுவும் வேண்டாம் என்று விட்டோம்.

பாண்டி பஜாரிலிருந்து சற்றுத் தள்ளித்தான் பசுல்லா சாலை. அங்கேதான் ராஜாஜி வசித்தார். அவர் பிரதமராக இருந்தபோது, 1937-ல், சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கு கொண்டு வந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1971-ல் தளர்ந்தது. பிறகு வருவதும் போவதுமாக எத்தனையோ மாறுதல்கள். 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அதனால் இன்றைக்குச் சென்னையில் ஆப்ப மாவைப் புளிக்க வைப்பது ஈஸ்ட்டோ, சர்க்கரை போட்டு இரவு முழுக்க வைத்த இளநீரோதான். 2003-லிருந்து மது சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. சட்டம் எப்படி மாறினாலும், வீட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்ற கணக்கு கடைசியில் நம் சமையலறை வாசலில்தான் தீர்கிறது.

ஆற்றுக்கு அப்பால்

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது காற்றே மாறிவிடும். ஒரு பக்கம் 1882-லிருந்து இருக்கும் தியசாபிகல் சொசைட்டியின் மரக்கூட்டம், அந்தப் பக்கம் முகத்துவாரமும் கடலும். நம் பெண்கள் ஓட்டுரிமைக்கும் படிப்புக்கும் குரல் கொடுத்த இந்திய மாதர் சங்கம் 1917-ல் பிறந்தது இந்த அடையாறில்தான்.

இந்திரா நகர்ப் பக்கம் ஆட்டோ திரும்பும்போது பெண்ணுக்கு ஒரு கட்டடத்தைக் காட்டினேன். டி.டி.கே. மருத்துவமனை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மாள், 1980-ல் குடிநோயாளிகளுக்காக ஆரம்பித்த சிகிச்சை நிலையம். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடி என்பது கெட்ட பழக்கம் மட்டுமல்ல, மருந்தும் ஆலோசனையும் தேவைப்படுகிற ஒரு நோய் என்று நம் ஊரில் எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். நோயாளியோடு அவர் மனைவி, மக்களுக்கும் அங்கே ஆலோசனை சொல்கிறார்கள். இந்த வரியைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம் இருந்தால், வெளியே சொல்ல வெட்கப்பட்டு வருஷங்களை வீணாக்க வேண்டாம். சிகிச்சை உண்டு. என் அக்கா குடும்பமே அதற்குச் சாட்சி.

பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா இதெல்லாம் போன்ல எங்கிட்ட சொன்னதே இல்ல சித்தி" என்றாள்.

"தூரத்துல இருக்கற பொண்ணு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்டி" என்றேன்.

அக்கா வீட்டில் ஓவன் இல்லை. பழைய கனமான வாணலியில் உப்பைப் பரப்பி, மூடி போட்டு, அதிலேயே சுட்டோம். முதல் ஈடு இறங்கும்போது சீரகமும் வெங்காயமும் கலந்த வாசனை கூடம் வரை போயிற்று. அத்தான் இரண்டு ரொட்டி சாப்பிட்டார். "இதுக்கு என்ன பேரும்மா?" என்று மகளைக் கேட்டார். அவள் ஒரு நொடி தயங்கி, "பீர் பிரெட்டுப்பா. ஆனா பீர் கிடையாது" என்று உள்ளதைச் சொல்லி விட்டாள். அவர் சிரித்தார். "நானும் அதே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டார். அக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள்.

செய்முறை

தேவையானவை: மைதா 1 கப், கோதுமை மாவு 1 கப், முளைகட்டிய கேழ்வரகு மாவு 2 மேஜைக் கரண்டி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், இடித்த மிளகு அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கி வதக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை கொஞ்சம், எண்ணெய் அல்லது நெய் 2 மேஜைக் கரண்டி, புளித்த கெட்டி மோர் அரை கப், குளிர்ந்த வெறும் சோடா அரை கப்.

மாவு வகைகள், பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா, உப்பு, சர்க்கரையை இரண்டு முறை சேர்த்துச் சலியுங்கள். சீரகம், மிளகு, ஆறிய வெங்காயம், கறிவேப்பிலை சேர்க்கவும். அடுப்போ ஓவனோ சூடான பிறகே மோரையும் எண்ணெயையும் விட்டு, கடைசியாகச் சோடாவை ஊற்றுங்கள். கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்றுப் போதும். தளர்ந்த வடை மாவு பதத்தில், அங்கங்கே கட்டியாக இருந்தாலும் பாதகமில்லை. ரொம்பவும் கலக்கினால் குமிழ் போய் ரொட்டி ரப்பராகிவிடும். மாவு இறுகலாக இருந்தால் இன்னும் இரண்டு கரண்டி சோடா விடலாம்.

எண்ணெய் தடவிய கிண்ணங்களில் முக்கால் அளவு நிரப்பி, உடனே வேக வையுங்கள். ஓவனில் 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். ஓவன் இல்லாதவர்கள், கனமான பழைய வாணலியில் ஒரு அங்குலம் உப்பு பரப்பி, பத்து நிமிஷம் சூடாக்கி, மேலே வளையம் வைத்துக் கிண்ணங்களை அடுக்கி, இறுக மூடி மிதமான தீயில் 30 முதல் 35 நிமிஷம் வைக்கலாம். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. வாணலியில் சுட்டால் மேல்புறம் வெளிறித்தான் இருக்கும். தோசைக்கல்லில் நெய் தடவி, கவிழ்த்து ஒரு நிமிஷம் வைத்தால் நிறம் வந்துவிடும்.

சுட்ட அன்றே சாப்பிட்டால்தான் ருசி. மிஞ்சினால் மறுநாள் இரண்டாக வகுந்து கல்லில் வாட்டி, தக்காளிச் சட்னியோடு குழந்தைகளின் டிபன் டப்பாவில் வைத்து அனுப்புங்கள். சின்னக் குழந்தைகளுக்கு மிளகைக் குறைத்துக்கொள்ளலாம்.