வர்ணப் பரீட்சைத் தாள்

சின்னாளப்பட்டியில் கைத்தறிச் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் என் நண்பர், தாம் அச்சிட்ட படப்பட்டியலில் அரக்குச் சேலை காப்பிக்கொட்டை நிறத்திலும் மாம்பழ மஞ்சள் பச்சை பாய்ந்தும் வந்துவிட, வெளியூர் வாடிக்கைக்காரர்கள் சேலைகளைத் திருப்பி அனுப்பிய மனஸ்தாபத்தை என்னிடம் கூறி, இதற்குப் பரிகாரம் அறிந்த ஒருவர் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறார் என்று என்னையும் அழைத்துச் சென்றார்.

அச்சகத்தில் எல்லாரும் ‘பெயின்டர் அண்ணன்’ என்றே அழைக்கும் அவர், இளமையில் கொட்டாங்கச்சிகளில் வர்ணம் குழைத்துக் கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதி ஜீவனம் நடத்தியவர். ஃப்ளெக்ஸ் பேனர் வந்து தூரிகைத் தொழிலை அழித்தபோது, உடன் எழுதியவர்கள் வெள்ளையடிக்கவும் காவல் காக்கவும் போய்விட, இவர் மட்டும் தம் பிழைப்பைப் பறித்த யந்திரத்தின் முன்னாலேயே அமர்ந்து அதன் வித்தையைக் கற்றுக்கொண்டார்.

அந்த வித்தையின் ஆதாரம் ‘சார்ட்’ என்னும் தாள். கம்ப்யூட்டர் அனுப்பும் எண் ஒன்றாகவே இருந்தாலும் தாளும் மையும் மாறினால் விழும் நிறமும் மாறும். ஆகையால் எண்கள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு கட்டங்களை, நிறத் திருத்தம் எதுவும் குறுக்கிடாதபடி அச்சிட்டு, மை நன்றாக உலர்ந்த பின் ஒவ்வொன்றும் மெய்யாகவே எந்நிறத்தில் விழுந்திருக்கிறது என்பதை ஸ்பெக்ட்ரோ என்னும் அளவுகருவியால் படித்து, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு கோப்பாக்குகிறார்கள். அதுதான் ‘புரொஃபைல்’. 1993இல் தோன்றிய ஐ.சி.சி. என்னும் சர்வதேச அமைப்பு வகுத்த பொது வடிவத்தில் இருப்பதால், பல நிறுவனங்களின் மென்பொருள்களும் அதைப் புரிந்துகொள்கின்றன.

அவருடைய மேஜை இழுப்பறையில் பலவகைச் சார்ட்டுகள் இருந்தன. நான்கு மை அச்சுக்கு உரிய 1,617 கட்டங்கள் கொண்ட ஐ.டி. 8.7/4 சார்ட்டை நான் வியந்து பார்க்க, அவர் 918 கட்டங்கள் உள்ள இன்னொன்றைக் கையில் எடுத்தார்.

“இந்த மெஷினுக்கு இது போதும் சார். கட்டம் ஜாஸ்தியானா புரொஃபைல் நல்லா வரும்னு நினைக்கிறாங்க. மெஷின் தாறுமாறா ஓடினா, பெரிய சார்ட்டு அந்தத் தாறுமாறையும் சேர்த்துத்தான் படிக்கும். முதல்ல நாசில் அடைப்பு, மை அளவு இதெல்லாம் சரி பண்ணணும், அப்புறந்தான் சார்ட்டு.”

கட்டங்கள் வரிசை குலைந்து கிடப்பதற்கும் காரணமுண்டு: தாளின் ஓரிடத்தில் மை சற்றுக் கனத்து விழுந்தாலும் அந்தத் தோஷம் ஒரே நிறத்தின் தலையில் ஏறாமல் எங்கும் சிதறிவிடும். பளீரென்று வெளுத்த தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்வதால், கருவி ஏமாந்து படம் மஞ்சளாகிவிடக்கூடும் என்பதையும் அவர் விளக்கினார். நண்பர் நீட்டிய மயில்கழுத்துச் சேலையைப் புரட்டிப் பார்த்தபோது மட்டும் தலையசைத்தார். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமுமாக, பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும் அந்த ஜாலத்தை எந்தச் சார்ட்டாலும் பிடிக்க முடியாது என்பதை ஒளிக்காமல் சொன்ன அந்த நேர்மையே அவருடைய தேர்ச்சிக்குச் சாட்சி.

ஆனால் இத்தனை சிரத்தைக்கும் கூலி என்ன? வேலையைப் பிடித்துத் தரும் ஏஜென்டுகள் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, சார்ட் அச்சான தாளை ‘வேஸ்ட்’ என்று கழித்துவிட்டு, பாதி வேலையில் மலிவான வேறு தாளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தாள் மாறியதும் பழைய புரொஃபைல் பயனற்றுப் போக, நிறம் கெட்ட பழி அச்சடித்தவர் மீதும், திரும்பிவரும் சேலையின் நஷ்டம் நெய்தவர் மீதும் விழ, தரகுப் பணம் மட்டும் முழுசாக அவர்கள் பையில் போய்ச் சேருகிறது. சாயத்தொட்டியில் கைநனைத்தவனும் கண் நோகக் கட்டங்களைப் படித்தவனும் தோற்க, இரண்டையும் அறியாதவன் ஜெயிப்பது அநியாயம்.

இதற்கு வழி இல்லாமலில்லை. வேலை கொடுப்பவர் அச்சகத்துக்கு நேரே வந்து, தாளின் பெயரைப் பில்லில் எழுதி வாங்கி, சார்ட்டுக்கும் புரொஃபைலுக்கும் தனிக் கூலி கொடுக்கவேண்டும். என் நண்பர் அடுத்த பட்டியலுக்கு அப்படியே செய்ய ஒப்புக்கொண்டார். சின்னாளப்பட்டி வியாபாரிகள் அனைவரும் அதைப் பின்பற்றுவது அவர்களுக்கே லாபம்.