அப்பாவின் உரப்பை

போன மே மாதம் எங்கட வீட்டில் ஒரு சண்டை. சத்தம் போட்ட சண்டை இல்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் ஒரு உரப்பை.

நாங்கள் வோபர்னில், மார்க்கம் ரோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். அப்பா யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்தவர். இங்கே வந்து முப்பது வருசமாகியும் தோட்டக்காரர்தான். முன்னுக்குப் புல், பின்னுக்குத் தக்காளி, கத்தரி. நாளைக்கு மழை என்றால் இன்றைக்கே உரம் எறிந்துவிடுவார். "மழை கரைச்சுக் குடுக்கும் பிள்ளை" என்பார். பாதிமணிகள் வண்டிப்பாதைக் கொங்கிறீற்றில் கிடக்கும்.

ஆறாம் வகுப்பில் படிக்கிற என் மகன்தான் கேட்டான். "அம்மப்பா, மழை வந்தா இது எங்க போகும்?"

"மண்ணுக்குள்ள."

உண்மையில் மண்ணுக்குள் இல்லை. ரோட்டோரக் கம்பி மூடிக்குள். எங்கட பக்கத்தில் அந்தக் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தொடர்பில்லை. மழைத்தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஹைலண்ட் கிரீக்குக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகும்.

மகனும் நானும் ஓடையைப் பார்க்கப் போனோம். தண்ணீர் தெளிவாக ஓடியது. "பாசி இல்லையே" என்றான். ஏமாற்றம். பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி இரண்டாகப் பெருக ஒரு நாளோ சில நாளோ வேணும். அதற்குள் ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு சத்து இருந்தாலும் பெருக நேரம் கிடைக்காது. ஓடை உரத்தைச் சுமந்து போகும், ஏரி வாங்கி வைத்திருக்கும். ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர் முழுக்க மாற ஏறக்குறைய ஆறு வருசம் எடுக்கும். தண்ணீர் அசையாமல், சூடாக, ஆழமில்லாமல் நின்றால் பாசிக்குக் கொண்டாட்டம்.

ஈரி ஏரியின் மேற்குப் பக்கம் அப்படித்தான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் நாலு லட்சம் பேர் வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார்கள். பாசி விட்ட நஞ்சு தண்ணீரில் கலந்திருந்தது. "கொதிக்க வைச்சுக் குடிக்கலாமே" என்று நம் அம்மாமார் சொல்லுவினம். கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எந்தச் சத்து காரணம் என்பதை 1973இல் வடமேற்கு ஒன்ராறியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் கண்ணால் காட்டினார்கள். 226 என்று இலக்கமிட்ட ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும். மற்றப் பாதிக்கு அவற்றோடு பொசுபரசும். பொசுபரசு விழுந்த பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. ஆகாயத்தில் இருந்து எடுத்த படத்தை மகனுக்குக் காட்டினேன். அவன் அதை அப்பாவிடம் கொண்டுபோய், "உங்கட உரம்" என்றான்.

அப்பா கோபப்பட்டது அங்கேதான். "தோட்டம் செய்து உங்களை வளர்த்தனான். இப்ப எனக்கு உரம் படிப்பிக்கிறியளோ?"

பிழை என் பக்கமும் இருந்தது. பிள்ளை வாயால் சொல்ல விட்டிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் அப்பாவே தொடங்கினார். ஊரில் சுண்ணாம்புக்கல் நிலம், போட்ட யூரியா கிணற்றுத் தண்ணீருக்கே இறங்கியது, அங்கே கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போனது அவருக்குத் தெரியும். "அங்க கீழ போச்சு. இங்க பக்கவாட்டில போகுது" என்றார். நானும் சேர்த்துச் சொன்னேன்: நைத்திரேற்று தண்ணீரோடு இறங்கும், பொசுபரசு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மண் கரைந்து ஓடினால் அதுவும் ஓடும். கொங்கிறீற்றில் கிடக்கிற மணிக்குப் பிடிக்க மண்ணே இல்லை.

இப்போ பையில் இருக்கும் மூன்று இலக்கங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார். புல்லுக்கு நடு இலக்கம் சைபர். கொங்கிறீற்றில் சிந்தியதைத் தும்புத்தடியால் கூட்டித் திரும்பப் புல்லுக்குள் தள்ளுகிறார். தக்காளிக்கு மட்டும் பழைய பைதான். "பூக்க வேணுமெண்டால் பொசுபரசு வேணும், அதை உன்ர மகனுக்கும் சொல்லு" என்கிறார்.