நாளைய விருந்தினர் யார்?



கடந்த திங்கட்கிழமை இரவு ஜெபம் முடிந்து வீடு திரும்பியபோது தொலைபேசி ஒலித்தது. சிதம்பரம் வட்டாரத்தில் கேட்கப்படும் சமுதாய வானொலி ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் பேசினார். "ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கலந்துரையாடல் வச்சிருக்கோம். தலைப்பு 'மழைக்காலமும் மனஉறுதியும்'. நீங்க சிறப்பு விருந்தினரா வரணும். நாளையிலிருந்து அறிவிப்பு போகணும், அதனால இன்னைக்கே சொல்லிடுங்க ஐயா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உள்ளூர மகிழ்ந்துபோனேன். குறிப்பேட்டை எடுத்து, இறையியல் கல்லூரியில் பிரசங்கக்கலை வகுப்பில் பழக்கிய வழக்கப்படி தலைப்பை மூன்றாகப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் பகுதியின் நடுவில் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

வானொலியோடு எனக்குள்ள உறவு பழையது. என் தகப்பனார் சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியர். 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம் எங்கள் பக்கத்துக்குத் தெளிவாகக் கேட்கும். அந்நாட்களில் அகில இந்திய வானொலி, 'வானொலி' என்ற பெயரிலேயே ஒரு தமிழ் இதழை வெளியிட்டு வந்தது. எந்த நாள், எந்த நேரம், யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று வரப்போகும் நிகழ்ச்சிகள் எல்லாம் அதில் அச்சாகி வரும். அப்பா அதைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைப்பார். இசைக் கச்சேரிகளுக்கு ஒரு கோடு, உழவர் நிகழ்ச்சிக்கு இரண்டு கோடுகள். எங்களுக்கு நிலம் கிடையாது. ஆயினும் இரண்டு கோடுகள் போடுவார். அந்த நாளில் மாலையில் திண்ணைக்கு வந்து அமர்பவர்கள் விவசாயிகள் என்பதே காரணம். இன்று உரமிடுவதைப் பற்றி, நாளை மறுநாள் குருத்துப்பூச்சியைப் பற்றி என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். பூச்சியைப் பற்றிய நாளில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

இதற்கு முன்னே ஒரு கதை உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சிகள் வழியாகவே பெரும்பாலும் அறிமுகமானதால், மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். விதைக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு ஒரு வானொலிப் பேச்சு வயலில் இறங்கியது என்றால், பேச வந்தவர் எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதாலா? இருக்காது. கேட்டவனுக்கு அந்தப் பருவத்தில் வேண்டியது அந்தப் பேச்சில் இருந்தது.

காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகவே கல்வி நிறுவனங்களுக்கும், 2006க்குப் பின் தொண்டு நிறுவனங்களுக்கும் சிறு வானொலி நடத்த வழி பிறந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி முதல் நாளில் தன் வானொலியைத் தொடங்கியது. இவை மிகச் சிறியவை. 100 வாட் ஆற்றல், 30 மீட்டர் உயரக் கோபுரம், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். அவ்வளவுதான் எல்லை. சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அவற்றுக்கு அனுமதி இல்லை. வானிலை, பேரிடர் எச்சரிக்கை, குடிநீர், மின்தடை போன்ற தகவல்களைச் சொல்லலாம். ஆகவே மாலை நேரங்களில் விருந்தினரை அழைத்து உரையாடுவதே இவர்களுக்கு உயிர். நாளை யாரை அழைப்பது என்பதுதான் ஒவ்வொரு நாளும் அங்கே எழும் கேள்வி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சபை நடத்துகிற எங்களுக்கும் பாதி வேலை அதுதான்.

இனி 2015க்கு வருகிறேன். கடலூர்க்காரர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது, 2015இல் வானமே இறங்கியது. நவம்பர் 9ஆம் தேதி பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் காட்டாற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் மீண்டும் மழை. அப்போது நான் கடலூர் முதுநகரை அடுத்த ஒரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். பள்ளமான தெருக்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல எங்கள் சபைக் கூடத்தில் தங்கியிருந்தன. ஒரு பக்கம் பாய்கள், ஒரு பக்கம் கஞ்சிப் பானைகள், நடுவே கயிறு கட்டி ஈரத்துணிகள்.

அந்த வெள்ளத்தை ஒட்டித்தான் மாவட்ட நிர்வாகமும் சமுதாய வானொலித் துறையினரும் சேர்ந்து கடலூரில் 'பேரிடர் கால வானொலி' என்று 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிலையத்தை அமைத்தார்கள். இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது என்று அப்போது பேசப்பட்டது. மின்சாரம் இல்லாத வீட்டில் தொலைக்காட்சி வெறும் பெட்டி. ஆனால் பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியிலும் பண்பலை கேட்கும். காதில் மாட்டும் ஒயரைச் செருகினால் அதுவே ஏரியல் ஆகிவிடும். பிறகு ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டால் பத்துப் பேர் கேட்கலாம். எங்கள் கூடத்தில் தூணுக்குத் தூண் அப்படி ஒரு வட்டம் இருந்தது. மருத்துவ முகாம் எங்கே, குடிநீரைக் காய்ச்சுவது எப்படி, தொலைந்துபோன ஆவணங்களுக்கு யாரிடம் மனு கொடுப்பது என்பவையே அவர்களுக்கு வேண்டியவை.

நான் என்ன செய்தேன் என்றால், மூன்று நாள் ஆறுதல் கூட்டம் ஏற்பாடு செய்தேன். சுவரொட்டியும் அச்சிட்டேன். மாலை 6.30 மணி, சிறப்புத் தேவசெய்தியாளர் இன்னார், பொருள் இன்னது என்று மூன்று நாளுக்கும் மூன்று பெயர்கள். முதல் நாள் மாலை, வெளியூரிலிருந்து வந்த செய்தியாளர் மேடையில் அமர்ந்துவிட்டார். கூடத்தில் இன்னும் நான்கைந்து கைப்பேசிகள் பேசிக்கொண்டிருந்தன. "எல்லாரும் ரேடியோவை நிறுத்துங்கள்" என்று ஒலிவாங்கியில் சொன்னேன். ஒரு தாயார் மட்டும் நிறுத்தவில்லை. அருகே சென்றேன். "ஐயா, ஒரு நிமிஷம். நாளைக்கு யாரு வராங்க, எதைப்பத்திப் பேசுவாங்கன்னு இப்பதான் சொல்லுவாங்க" என்றார். "கூட்டம் முடியட்டும் அம்மா, அதெல்லாம் திரும்ப வரும்" என்று சொல்லி, என் கையாலேயே அதை வாங்கி அணைத்தேன்.

செய்தியாளர் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். நல்ல செய்திதான்.

அந்த மாலை வானொலியில் என்ன அறிவித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த நாட்களில் நடந்தது தெரியும். அந்தத் தாயாரின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் தகரப் பெட்டியோடு தண்ணீரில் போய்விட்டன. சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் ஜனவரி முதல் வாரம் அசல் சான்றிதழ்களோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். நகல் சான்றிதழுக்கான முகாம் ஒன்று அவர்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே நடந்து முடிந்த செய்தி, முடிந்த மறுநாள்தான் அவர்களுக்கு வந்தது. அடுத்த தெருக்காரர்கள் ரேடியோவில் கேட்டுப் போய் மனு கொடுத்திருந்தார்கள். இவர்கள் பிறகு அலைந்து திரிந்து காகிதங்களைக் கையில் வாங்கியபோது பிப்ரவரி ஆகியிருந்தது. வேலை போய்விட்டது.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அதன்பின் மாற்றலாகிச் சிதம்பரம் பக்கம் வந்துவிட்டேன். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் அவரோடு அமர்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கிற்று என்று நானே பலமுறை பிரசங்கித்திருக்கிறேன்! கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஜப்பானில் 1995 ஜனவரி 17இல் கோபே நகரம் நிலநடுக்கத்தில் விழுந்தபோது, நகாதா என்ற வட்டாரத்தில் தகாதோரி கத்தோலிக்க ஆலயம் தீயில் எரிந்துபோனது. அந்தப் பங்கில் வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்கள் அநேகர். அரசு அறிவிப்புகளெல்லாம் ஜப்பானிய மொழியில் வந்தன. எங்கே தண்ணீர், எங்கே உறைவிடம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எரிந்த ஆலயத்தின் வளாகத்திலிருந்து அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு சிறு வானொலி பேசத் தொடங்கியது. வியட்நாமியம், தகலாகு, ஸ்பானியம் என்று அங்கிருந்தோர் பேசும் மொழிகளில் பேசியது. கொரிய மொழியினருக்காக ஏற்கனவே நடந்த இன்னொரு வானொலியும் அதோடு சேர்ந்து 'எஃப்எம் வை வை' என்ற நிலையமாகி, மறு ஆண்டு ஜனவரி 17இல் உரிமம் பெற்றது. 2011இல் கடல்கோள் வந்தபோது அந்நாட்டில் சுமார் 30 தற்காலிகப் பேரிடர் வானொலிகள் எழுந்ததற்குக் கோபேயின் அனுபவமும் ஒரு காரணம். இதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அங்கே ஆலயம் தன் முற்றத்தை வானொலிக்குக் கொடுத்தது. நான் என் கூடத்தில் வானொலியை அணைத்தேன்.

திங்கள் இரவு கை நின்றது இதனால்தான்.

அந்தப் பெண்ணுக்கு மறுபடி அழைத்தேன். "மகளே, மனஉறுதியைப் பற்றி நான் பேசுவதைவிட, மழை வருமுன் மக்கள் செய்யவேண்டியதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வைத்தால் என்ன?" என்று கேட்டேன். 'வெள்ளத்தில் போன காகிதங்கள்' என்று தலைப்பும் சொன்னேன். முதலில் தயங்கினார். ஏற்கனவே விளம்பரம் எழுதிவிட்டார்களாம். "சரி, யாரைக் கூப்பிடலாம் ஐயா?" என்றார். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். தொலைந்த பட்டா, குடும்ப அட்டை பற்றி அவருக்குத் தெரியும். தலைமையாசிரியையாக இருக்கும் ஒரு சகோதரி, மதிப்பெண் பட்டியல் போனால் படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று விளக்குவார். சான்றிதழ்களை டிஜிலாக்கரில் எடுத்து வைப்பதைப் பற்றி அவருடைய மாணவி ஒருத்தி சொல்லட்டும். அது தொடங்கப்பட்டதும் அதே 2015இல்தான், ஜூலையில். எங்கள் கூடத்தில் இருந்த எவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. நான்காவதாக, அந்தத் தாயார்.

அவரிடம் பேச எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. புதன்கிழமை காலை அழைத்தேன். நலம் விசாரித்தேன். பிறகு அந்த மாலை நேரத்தையும், கைப்பேசியை வாங்கி அணைத்ததையும், முகாம் தவறியதையும் நானே எடுத்துச் சொன்னேன். மன்னிக்கவேண்டும் என்றேன்.

"தெரியும் ஐயா" என்றார். "அப்பவே தெரியும்."

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்பு அவரே, "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஆறு மணி என்றேன். வருவதற்கு ஒரு நிபந்தனை விதித்தார். இன்ன நாள் இன்னார் வருகிறார் என்று சாயங்காலம் ஒருமுறை சொல்லிவிட்டு விடக்கூடாதாம். வேலைக்குப் போகிற பெண்கள் அந்நேரம் பஸ்ஸில் இருப்பார்கள். காலையில் சமைக்கிற நேரத்திலும் சொல்லவேண்டும், இரவு சாப்பிட்ட பிறகும் சொல்லவேண்டும். வானொலிப் பெண் ஒப்புக்கொண்டார். புதன் இரவிலிருந்து மூன்று வேளையும் அறிவிப்பு போகிறது. முதல் அறிவிப்பைக் கேட்டேன். என் பெயர் அதில் இல்லை. அந்தத் தாயாரின் பெயர் முதலில் வருகிறது.

கடலூரிலிருந்து வருவதற்கு வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். மகன் ஆட்டோ ஓட்டுகிறானாம், அதிலேயே வந்துவிடுவாராம். போக வர தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், அவன் சவாரியும் கெடும், வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

"அதை அவன்கிட்ட நீங்களே பேசுங்க ஐயா" என்று எண்ணைச் சொன்னார்.

எழுதி வைத்திருக்கிறேன். இன்று வியாழன். இன்னும் அழைக்கவில்லை.